லெஃப்ஷெட்ஸ் ஃபைப்ரேஷனால் எக்ஸாடிக் 4-மேனிஃபோல்டு கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு 4-மேனிஃபோல்டை (மென்மையான நாற்பரிமாண வெளியை) எக்ஸாடிக் என்று சொல்ல இரண்டு தனித்தனி நிரூபணங்கள் தேவை. ஏற்கெனவே தெரிந்த ஒன்றோடு அது ஹோமியோமார்ஃபிக் (இடவியல்படி ஒன்றே) என்று காட்ட வேண்டும். டிஃபியோமார்ஃபிக் (மென்மையான அமைப்பிலும் ஒன்றே) இல்லை என்றும் காட்ட வேண்டும். லெஃப்ஷெட்ஸ் ஃபைப்ரேஷன் (வெளியை ஒரு பரப்பின் மேல் பரப்பு-இழைகளாகப் பிரிப்பது; சில இழைகள் மட்டும் ஒரு புள்ளியில் கிள்ளப்பட்ட ‘சிங்குலர்’ இழைகள்) வழியாகப் போகிறவர்களுக்குச் சிம்ப்ளெக்டிக் அமைப்பு (மூடிய, எங்கும் சிதையாத ஒரு 2-வடிவம்) ஏறக்குறைய இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. அது கிடைத்ததுமே வேலை முடிந்துவிட்டதாக நினைப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

அந்த இலவசத்துக்கும் நிபந்தனை உண்டு. இழையின் ஹோமாலஜி வகுப்பு மெய்யெண் கெழுக்களில் பூஜ்யமாக இருக்கக் கூடாது என்பது கோம்ஃபின் தேற்றம் கேட்கும் நிபந்தனை. இழையின் ஜீனஸ் (துளைகளின் எண்ணிக்கை) 2 அல்லது அதற்கு மேல் என்றால் இது தானாகவே நிறைவேறும். ஜீனஸ் 1-இல் அப்படியில்லை. ஹோஃப் வரைவைப் பயன்படுத்தி, வட்டத்தையும் 3-கோளத்தையும் பெருக்கிய வெளியை 2-கோளத்தின் மேல் டோரஸ் இழைகளாகப் பிரிக்கலாம்; ஆனால் அதன் இரண்டாம் பெட்டி எண் (இரண்டாம் ஹோமாலஜியின் பரிமாணம்) பூஜ்யம், சிம்ப்ளெக்டிக் அமைப்புக்கு வழியே இல்லை. அப்புறம், மோனோட்ரோமிச் சொல்லில் (சிங்குலர் இழைகளைச் சுற்றிவரும்போது இழை எப்படித் திருகப்படுகிறது என்ற வரிசையில்) உள்ள டேன் முறுக்குகள் (இழையை ஒரு வளையத்தில் வெட்டி, ஒரு முழுச் சுற்று திருப்பி ஒட்டுவது) எல்லாமே வலக்கை முறுக்குகளாக இருக்க வேண்டும். இடக்கை முறுக்கு ஒன்று நுழைந்தாலும் உத்தரவாதம் போய்விடும். ஒரு வலக்கை, ஒரு இடக்கை என்று இரண்டே சிங்குலர் இழைகள் கொண்ட ஃபைப்ரேஷன் 4-கோளத்தின் மேலேயே இருக்கிறது என்று மட்சுமோட்டோ காட்டினார். முறுக்குகளை வலமிருந்து இடமாகப் படிக்கிறோமா, இடமிருந்து வலமாகவா என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இரண்டு கட்டுரைகளிலிருந்து சொற்களை எடுத்து இணைக்கும்போது குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் வரும்.

அடுத்தது எண்களை மட்டும் நம்புவது. எளிய இணைப்புள்ள (எந்த வளையத்தையும் ஒரு புள்ளியாகச் சுருக்கக்கூடிய), மூடிய, மென்மையான 4-மேனிஃபோல்டுகளை ஹோமியோமார்ஃபிசம் வரை அடையாளம் காண ஆய்லர் எண், சிக்னேச்சர், வெட்டு வடிவம் இரட்டையா ஒற்றையா என்ற மூன்றும் போதும். வெட்டு வடிவம் என்பது உள்ளே இருக்கும் பரப்புகள் ஒன்றையொன்று வெட்டுவதை எண்ணும் இருபடி வடிவம்; அதன் நேர்க்குறி, எதிர்க்குறிப் பகுதிகளின் பரிமாண வேறுபாடே சிக்னேச்சர். ஃப்ரீட்மனின் 1982 தேற்றத்தோடு டொனால்ட்சனின் தேற்றத்தையும் சேர்த்தால் இது கிடைக்கும். இதில் மூன்றாவதை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. கே3 பரப்பின் ஆய்லர் எண் 24, சிக்னேச்சர் −16. மூன்று கலப்பெண் ப்ரொஜெக்டிவ் தளங்களையும் திசை மாற்றிய 19 பிரதிகளையும் கனெக்டட் சம் செய்தாலும் (ஒவ்வொன்றிலும் ஒரு பந்தை வெட்டி எடுத்து, அந்த விளிம்புகளில் ஒட்டினாலும்) அதே 24, அதே −16. முன்னதன் வெட்டு வடிவம் இரட்டை, பின்னது ஒற்றை. இந்த இரண்டும் டிஃபியோமார்ஃபிக் இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஹோமியோமார்ஃபிக்கும் இல்லை, அதனால் இதில் எக்ஸாடிக் எதுவும் இல்லை.

எளிய இணைப்பையும் ஊகித்துக்கொள்ளக் கூடாது. மட்சுமோட்டோவின் ஜீனஸ் 2 ஃபைப்ரேஷனுக்கு 8 சிங்குலர் இழைகள்; ஆய்லர் எண் 4, சிக்னேச்சர் −4. அதன் இரண்டு பிரதிகளை இழையோடு இழையாக ஒட்டினால் ஆய்லர் எண் 12, சிக்னேச்சர் −8. ப்ரொஜெக்டிவ் தளத்தை 9 புள்ளிகளில் ப்ளோ-அப் செய்தாலும் (புள்ளிக்கு ஒன்றாகத் திசை மாற்றிய தளத்தைக் கனெக்டட் சம் செய்தாலும்) இதே எண்கள்தான்! ஆனால் ஒட்டும்போது எந்த டேன் முறுக்கால் திருகினோம் என்பதைப் பொறுத்து அடிப்படைக் குலம் (சுருக்க முடியாத வளையங்களைப் பதிவுசெய்யும் குலம்) மாறும். ஓஸ்பாஜியும் ஸ்டிப்ஸிச்சும் இந்த வழியிலேயே, முழு எண்களின் குலத்தோடு ஒரு முடிவுறு சுழற்குலத்தைச் சேர்த்த அடிப்படைக் குலங்களைப் பெற்றார்கள். எண்களில் அந்தத் திருகலின் தடயம் துளிகூட இருக்காது. மறையும் வளையங்களை (சிங்குலர் இழையில் ஒரு புள்ளியாகச் சுருங்குபவற்றை) இழையின் அடிப்படைக் குலத்தில் ஒவ்வொன்றாக எழுதிக் கணக்குப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஃபைப்ரேஷனுக்கு செக்‌ஷன் (ஒவ்வொரு இழையையும் ஒரே முறை வெட்டும் பரப்பு) இல்லை என்றால், அந்த வளையங்களால் வகுத்துக் கிடைப்பது முழு விடையாக இல்லாமலும் போகலாம்.

இனி, எனக்கு மிகவும் ஆபத்தானதாகப் படும் தவறு. பி-பிளஸ் (வெட்டு வடிவத்தின் நேர்க்குறிப் பகுதியின் பரிமாணம்) ஒன்றைவிடப் பெரிதாக இருந்தால் டாப்ஸின் 1994 தேற்றம் கைகொடுக்கும்: சிம்ப்ளெக்டிக் என்றால் சைபெர்க்-விட்டன் மாறிலி (மென்மையான அமைப்புகளைப் பிரித்தறிய உதவுவது) பூஜ்யமாகாது, மேலே சொன்ன மாதிரியான கனெக்டட் சம்முக்கோ அது பூஜ்யம். சரி, அங்கே சிம்ப்ளெக்டிக் என்பதே போதும். பி-பிளஸ் 1-ஆக இருக்கும்போது இந்த வாதம் எடுபடாது. ஒப்பிடுகிற வெளியே, அதாவது பல புள்ளிகளில் ப்ளோ-அப் செய்த ப்ரொஜெக்டிவ் தளமே, சிம்ப்ளெக்டிக்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஜீனஸ் 2 பரப்பில் ஐந்து வளையங்களின் சங்கிலியை எடுத்து, ஒன்றிலிருந்து ஐந்துவரை போய், ஐந்தை இரண்டு முறை முறுக்கி, ஒன்றுக்குத் திரும்பி வாருங்கள். இதையே இன்னொரு தடவை செய்தால் அடையாள வரைவு (எதையும் நகர்த்தாத வரைவு) கிடைக்கும். மொத்தம் 20 முறுக்குகள், எல்லாமே பரப்பைப் பிரிக்காத வளையங்களில். ஆய்லர் எண் 20 − 4 = 16. சிக்னேச்சரைத் தரும் எண்டோவின் வாய்பாட்டில் இப்படிப்பட்ட ஒவ்வொரு முறுக்குக்கும் −3/5, ஆக சிக்னேச்சர் −12. அது 16-ஆல் வகுபடாததால் ரோக்லின் தேற்றப்படி வெட்டு வடிவம் ஒற்றை. எளிய இணைப்பும் உண்டு. ஆக இது 13 புள்ளிகளில் ப்ளோ-அப் செய்த தளத்தோடு ஹோமியோமார்ஃபிக், அதோடு சிம்ப்ளெக்டிக். எக்ஸாடிக்கா? இல்லை. இது அந்தத் தளமேதான், ஒரு மாற்றமும் இல்லை.

இங்கே கூடுதலாகத் தேவைப்படுவது மினிமல் என்ற நிரூபணம்: தன்வெட்டு −1 உள்ள கோளம் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. மேலே பார்த்த உதாரணத்தில் செக்‌ஷன்களே அப்படிப்பட்ட கோளங்கள். ‘ரிலேட்டிவ்லி மினிமல்’ என்பதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது இழைகளுக்குள் அப்படிக் கோளம் இல்லை என்று மட்டுமே சொல்கிறது. சிங்குலர் இழைகள் உள்ள இரண்டு ரிலேட்டிவ்லி மினிமல் ஃபைப்ரேஷன்களின் இழைக்கூட்டல் (இழையோடு இழையாக ஒட்டுவது) மினிமல் என்பதை அஷரின் 2006 தேற்றத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். 7, 8, 9 புள்ளிகளில் ப்ளோ-அப் செய்த தளங்களுக்கு பாய்குரும் கோர்க்மாஸும் ஜீனஸ் 2 ஃபைப்ரேஷன்களாக எக்ஸாடிக் வடிவங்களைக் கட்டியபோது, அவை மினிமல் என்பதுதான் முடிவின் உயிர்நாடி.

எண்டோவின் வாய்பாடு ஹைப்பர்எலிப்டிக் ஃபைப்ரேஷன்களுக்கு (முறுக்குகள் எல்லாம் இழையின் ஹைப்பர்எலிப்டிக் அரைச்சுற்றுச் சமச்சீரோடு ஒத்துப்போகிறவற்றுக்கு) மட்டுமே. ஜீனஸ் 2-இல் எல்லாமே அப்படிப்பட்டவை என்பதால் பழகிப்போய், ஜீனஸ் 3-இலும் அதையே போட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, ஒரு எக்ஸாடிக் வடிவம் கிடைத்ததுமே ‘முடிவிலி எண்ணிக்கையில்’ என்று எழுதிவிடும் அவசரம். ஃபின்டுஷெல்-ஸ்டெர்ன் முடிச்சு அறுவையில் (ஒரு டோரஸின் சுற்றுப்புறத்தை வெட்டி எடுத்து, முடிச்சின் வெளிப்புறத்தை வட்டத்தோடு பெருக்கியதை அங்கே ஒட்டுவதில்) சைபெர்க்-விட்டன் மாறிலி முடிச்சின் அலெக்ஸாண்டர் பல்லுறுப்புக் கோவையால் பெருக்கப்படுகிறது. கே3-இல் மூவிதழ் முடிச்சை வைத்துச் செய்தால் விளைவு சிம்ப்ளெக்டிக், ஏனென்றால் அந்த முடிச்சு இழைமப்பட்டது (அதன் வெளிப்புறம் வட்டத்தின் மேல் பரப்பு-இழைகளாகப் பிரியும்). அலெக்ஸாண்டர் கோவையின் முதல் கெழு 2-ஆக இருக்கும் முடிச்சை வைத்தால் எக்ஸாடிக் வடிவம் கிடைக்கும், ஆனால் அது சிம்ப்ளெக்டிக் அல்ல. ஒரே கோவை உள்ள இரண்டு முடிச்சுகள் என்றால் இந்த மாறிலியால் அவற்றைப் பிரித்துக் காட்டவே முடியாது. எத்தனை வடிவங்கள், அவற்றில் எவை சிம்ப்ளெக்டிக் என்பதைத் தேற்றத்தின் வாசகத்திலேயே தனித்தனியாக எழுதுங்கள்.