பழைய சை-ஃபை படம் பார்க்கப் போகிறீர்களா? முதலில் எந்தப் பிரதி என்று பாருங்கள்

பள்ளிக்கூட நாட்களில் பிடித்த கிறுக்கு இது, இன்னும் விடவில்லை. நண்பர்களில் யாருக்காவது பழைய சயின்ஸ் ஃபிக்‌ஷன் படம் பார்க்க ஆசை வந்தால் என்னிடம்தான் வருவார்கள், வந்ததும் "டாப் டென் லிஸ்ட் கொடு" என்பார்கள். லிஸ்ட் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். எந்தப் பிரதியைப் பார்க்கிறோம், எதற்குப் பிறகு எதைப் பார்க்கிறோம், டிவியை எப்படி வைத்திருக்கிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது, அதைக் கோட்டை விட்டவர்கள்தான் "செம போர்" என்று பத்து நிமிடத்தில் எழுந்து போகிறார்கள்.

முதலில் டிவி. இப்போது வருகிற டிவிகளில் மோஷன் ஸ்மூத்திங் என்று ஒரு வசதி இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும், பல டிவிகளில் வாங்கும்போதே ஆனில் இருக்கும். செட்டிங்ஸில் தேடி அணைத்துவிடுங்கள். நொடிக்கு 24 ஃபிரேம் என்று எடுத்த படத்துக்கு நடுவே டிவி தானாகவே ஃபிரேம்களைச் செய்து சொருகும், எல்லாப் படமும் மெகா சீரியல் மாதிரி வழவழவென்று ஓடும். ரே ஹாரிஹவுசன் பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி ஒவ்வொரு ஃபிரேமாக எடுத்த '20 மில்லியன் மைல்ஸ் டு எர்த்' (1957) போன்ற படங்களில் அந்த வெட்டி வெட்டி நகரும் அசைவுதான் உயிரே. அப்புறம், 1953-க்கு முந்தைய படங்கள் பெரும்பாலும் சதுரத்துக்குக் கிட்டத்தில் இருக்கும், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். விழட்டும். ஜூம் போட்டால் தலையும் காலும் போய்விடும்.

சரி, எதில் தொடங்குவது? தயவுசெய்து '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'யில் தொடங்காதீர்கள். முதல் இருபது நிமிடத்துக்கு மேல் ஒரு வரி வசனம் கிடையாது, பழக்கமில்லாதவர்கள் போனை எடுத்துவிடுவார்கள். சின்னப் படங்களிலிருந்து வாருங்கள். ஜார்ஜ் மெலியெஸ் 1902-ல் எடுத்த 'எ ட்ரிப் டு தி மூன்' என்கிற நிலவுப் பயணப் படம் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், நிலாவின் கண்ணில் ராக்கெட் போய்க் குத்துகிற காட்சியை எங்காவது பார்த்திருப்பீர்கள். அதில் கையால் வண்ணம் தீட்டிய பிரதி ஒன்று பார்சிலோனாவில் கிடைத்து, சரிசெய்யப்பட்டு 2011-ல் கான் விழாவில் திரையிடப்பட்டது, அதையே தேடுங்கள். அடுத்து கிறிஸ் மார்க்கரின் 'லா ஜெத்தே' (1962). அரை மணி நேரம்கூட இல்லை, கிட்டத்தட்ட முழுப் படமும் அசையாத புகைப்படங்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் படம் அசையும், நீங்கள் கண்ணைச் சிமிட்டினால் போய்விடும்.

இனி ஐம்பதுகள். இங்கே ஹெட்போன் கட்டாயம். 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' (1951) படத்தில் பெர்னார்ட் ஹெர்மன் தெரமின் என்கிற, கையால் தொடாமலே வாசிக்கும் கருவியை வைத்து இசையமைத்தார், பறக்கும் தட்டு என்றதும் நம் காதில் கேட்கிற ஊஊஊ சத்தம் பரவியதில் இந்தப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 'ஃபர்பிடன் பிளானட்'டில் (1956) வாத்தியமே கிடையாது. லூயி பேரன், பீபி பேரன் தம்பதி தாங்களே மின்சுற்றுகளைச் செய்து, அவை கருகிச் சாகும்வரை அழுத்தம் கொடுத்து, வருகிற சத்தத்தை டேப்பில் பிடித்தார்கள். இசைக் கலைஞர்கள் சங்கத்தோடு வம்பு வரும் என்று டைட்டிலில் 'இசை' என்று போடாமல் 'எலக்ட்ரானிக் டோனாலிட்டீஸ்' என்று போட்டுச் சமாளித்தார்கள். (நம்ம ஊரிலும் 1963-லேயே எம்ஜிஆர் நடித்த 'கலை அரசி'யில் வேற்றுக்கிரகவாசிகள் வந்து பானுமதியைத் தூக்கிக்கொண்டு போனார்கள், அதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிடுங்கள்.)

பிரதி விஷயத்தில் ஆட்கள் அதிகம் ஏமாறுவது 'காட்ஸில்லா'வில். 1954-ல் இஷிரோ ஹோண்டா எடுத்த ஜப்பானிய மூலத்தைத்தான் பார்க்க வேண்டும். 1956-ல் அமெரிக்காவில் ஓட்டியதில் நிறைய வெட்டிவிட்டு, ரேமண்ட் பர் என்ற நடிகரை நிருபராக இடையில் சொருகியிருப்பார்கள். அந்த 1954 மார்ச்சில்தான் பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது, நவம்பரில் படம் வெளிவந்தபோது பார்த்தவர்களுக்கு அது வெறும் மிருகப் படமாக இருந்திருக்காது. வெட்டுப்பட்ட பிரதியில் அந்தச் சூடு ரொம்பவே ஆறிப்போயிருக்கும். அந்த உறுமல் எப்படி வந்தது தெரியுமா? இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே டபுள் பாஸ் என்கிற, ஆளுயர வயலின் மாதிரியான வாத்தியத்தின் தந்தியைப் பிசின் தடவிய தோல் கையுறையால் இழுத்து எடுத்த சத்தம் அது, வேகத்தைக் குறைத்து ஓட்டினார்கள்.

'மெட்ரோபோலிஸ்' (1927) என்றால் 2010-ல் வந்த பிரதி, சுமார் இரண்டரை மணி நேரம். ஃப்ரிட்ஸ் லாங்கின் படத்தில் கால் பங்கை ஆரம்பத்திலேயே வெட்டிவிட்டார்கள், 2008-ல் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில் 16 மி.மீ. பிரதி ஒன்று அகப்பட்டதால்தான் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. நடுநடுவே மழை பெய்கிற மாதிரி கீறலோடு காட்சிகள் வந்தால் அதெல்லாம் அங்கே கிடைத்த துண்டுகள். அந்த இடங்களைக் கவனித்தாலே எதையெல்லாம் தேவையில்லை என்று வெட்டியிருக்கிறார்கள் என்பது புரியும், எனக்குக் கோபமே வரும்.

'பிளேட் ரன்னர்' பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: 2007-ல் வந்த 'ஃபைனல் கட்' என்கிற பிரதியைப் பாருங்கள். 1982-ல் ஓடியதில் கதாநாயகன் பின்னணியில் பேசிக்கொண்டே இருப்பார்.

இவ்வளவும் பார்த்த பிறகு '2001'க்கு வாருங்கள், விளக்கை அணைத்துவிட்டு. 1968 படம், கணினி கிராஃபிக்ஸ் கிடையாது. மிதக்கும் பேனாவைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, தகட்டை மெல்லச் சுற்றியிருக்கிறார்கள், விமானப் பணிப்பெண் அதைப் பறிக்கிற நொடியைப் பாருங்கள். விண்வெளி வீரர் வட்டச் சுவரில் ஓடுகிற காட்சிக்கு 38 அடி விட்டத்தில் ராட்டினம் மாதிரி ஒரு செட்டையே சுழலவிட்டார்கள், அவர் எப்போதும் அடியில்தான் ஓடிக்கொண்டிருந்தார்.

கடைசியாக ரஷ்ய இயக்குநர் தார்கோவ்ஸ்கியின் 'சோலாரிஸ்' (1972). இரண்டே முக்கால் மணி நேரம், அதில் டோக்கியோ சாலைகளில் கார் போய்க்கொண்டே இருக்கும் காட்சி மட்டும் ஐந்து நிமிடத்துக்குக் கிட்ட வரும். அதை வேகமாக ஓட்டித் தாண்டிவிடாதீர்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் நிச்சயம் தூங்கிவிடுவீர்கள், மாலை ஆறு மணிக்கே ஒரு டீயோடு உட்கார்ந்துவிடுங்கள்.