கைடைத் தேர்ந்தெடுக்கும் முன்: ஒரு வைஃபை ஆராய்ச்சியாளரின் கட்டுரைகளை எடைபோடுவது எப்படி?

திருச்சியிலிருந்து நாகப்பட்டினம் வரை உள்ள பொறியியல் கல்லூரிகளில் படித்துவிட்டு, பிஎச்.டி. சேரலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கூரைக்கு அடியில் போனால் ஜி.பி.எஸ். தடுமாறும். மருத்துவமனைக்குள் ஒரு ஸ்ட்ரெச்சரோ, கிடங்குக்குள் ஒரு தள்ளுவண்டியோ எங்கே நிற்கிறது என்பதை வைஃபை, புளூடூத் சிக்னலை வைத்துக் கண்டுபிடிப்பதுதான் இண்டோர் பொசிஷனிங். இந்தத் துறையில் கைடு தேடும்போது, ‘அவருக்கு எத்தனை சைட்டேஷன்?’, அதாவது அவர் கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று கேட்டதோடு நின்றுவிடாதீர்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் அவருடைய உழைப்பு யாருக்குப் பயன்பட்டது என்று தெரியும்.

படி 1: ஆள் அவர்தானா?

நம் பக்கம் பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். செந்தில்குமார் என்ற பெயரையே ஓர் இதழ் சேர்த்து அச்சிடும், இன்னொன்று இரண்டாகப் பிரிக்கும், மற்றொன்றில் அப்பா பெயர் கடைசியில் வரும். அதனால் ஒருவர் கட்டுரை இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும். ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி செய்பவரின் கட்டுரை, அதே பெயருள்ள வைஃபை ஆராய்ச்சியாளரின் கூகுள் ஸ்காலர் (ஆய்வுக் கட்டுரைகளுக்கான தேடுதளம்) பக்கத்தில் வந்து நிற்கலாம். தலைப்புகளை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை படியுங்கள். அவருக்கு ஆர்க்கிட் (ORCID) எண் இருந்தால் இன்னும் நல்லது. 2012-இல் வந்த இந்த 16 இலக்க அடையாளம் ஆளுக்கு ஒன்றுதான்.

படி 2: எச்-இன்டெக்ஸை நீங்களே போட்டுப் பாருங்கள்

இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்த கணக்கு இது. எத்தனை கட்டுரைகள் குறைந்தது அத்தனை சைட்டேஷனாவது பெற்றிருக்கின்றனவோ, அந்த அதிகபட்ச எண்தான் எச்-இன்டெக்ஸ். ஒருவருடைய எட்டுக் கட்டுரைகளுக்கு 120, 45, 18, 9, 6, 5, 3, 1 என்று சைட்டேஷன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்தாவது கட்டுரைக்கு 6 இருக்கிறது. அது 5-க்குக் குறையவில்லை. ஆறாவதற்கு 5 மட்டுமே. ஆக, எச்-இன்டெக்ஸ் 5. பத்தோ அதற்கு மேலோ பெற்றவை மூன்று என்பதால் ஐ10 என்ற இன்னோர் அளவீடு 3.

மொத்தம் 207. அதில் 120 ஒரே கட்டுரையிலிருந்து வந்திருக்கிறது. அது என்ன கட்டுரை?

படி 3: சர்வேயைத் தனியே எடுத்து வையுங்கள்

பிறர் செய்ததைத் தொகுத்துச் சொல்லும் சர்வே கட்டுரைகளுக்கு இயல்பாகவே மேற்கோள் குவியும். இந்தத் துறையில் லியூ, தராபி, பானர்ஜி, லியூ ஆகியோர் 2007-இல் எழுதிய சர்வே அப்படிப்பட்டது. நல்ல சர்வே எழுதுவது பெரிய உழைப்பு, எனக்கு அதில் மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் புதிய முறையைக் கண்டுபிடித்த கட்டுரையோடு அதை ஒரே தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது.

படி 4: மேற்கோள் காட்டியவர் என்ன சொன்னார்?

நேரத்தை இங்கேதான் செலவிட வேண்டும். ஸ்காலரில் கட்டுரைக்குக் கீழே தெரியும் சைட்டேஷன் எண்ணைச் சொடுக்குங்கள். வரும் பட்டியலுக்குள் மட்டும் தேடுவதற்கு மேலே ஒரு கட்டம் இருக்கும், அதை டிக் செய்யுங்கள். பிறகு சில கட்டுரைகளைத் திறந்து, இவர் பெயர் வரும் வரியை மட்டும் படியுங்கள். ‘இதற்குப் பல முறைகள் உள்ளன’ என்று சொல்லிப் பதினைந்து எண்களை அடுக்கிய வரியில் அவர் இருந்தால், அது வெறும் வருகைப் பதிவு. ‘இவர் முறையோடு எங்கள் முறையை ஒப்பிட்டோம்’ என்று இருந்தால் அதற்குக் கனம் அதிகம். எழுதியவரே தன்னை மேற்கோள் காட்டியவற்றைக் கழித்துவிடுங்கள்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ராடார் (RADAR) என்ற இண்டோர் பொசிஷனிங் முறை. மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் பரம்வீர் பால், வெங்கட பத்மநாபன் இருவரும் 2000-இல் வெளியிட்டது. ஒரு கட்டடத்தின் ஒரே தளம், மூன்று பேஸ் ஸ்டேஷன், 70 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் நான்கு திசை பார்த்து நின்று சிக்னல் வலிமையைப் பதிந்தார்கள், ஏனென்றால் நம் உடம்பே அலையை மறைக்கும். பிழை இரண்டு, மூன்று மீட்டர் அளவில் வந்தது. பின்னால் வந்தவர்கள் தங்கள் முறையை நிரூபிக்க ராடாரோடுதான் மோதிப் பார்த்தார்கள். தாக்கம் என்று நான் சொல்வது இதைத்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தத் துறையில் பிழை அளவு கட்டடத்தோடு ஒட்டியது. காலியான லேப் வராண்டாவில் கிடைத்த ஒரு மீட்டர் துல்லியம், தஞ்சாவூர் அரண்மனை போன்ற தடித்த சுவர்களுக்கு நடுவிலோ, கூட்டம் நெரியும் மருத்துவமனை ஓ.பி.யிலோ கிடைக்காது. வேறு ஊரில், வேறு கட்டடத்தில் யாராவது அவர் முறையைச் சோதித்தார்களா என்று தேடுங்கள்.

படி 5: எங்கே வெளிவந்தது?

ஜர்னல்தான் உசத்தி என்று நம் கல்லூரிகளில் ஒரு பழக்கம். இங்கே அது பொருந்தாது. ராடார் வந்தது இன்ஃபோகாம் மாநாட்டில். அதே ஆண்டு ஹரி பாலகிருஷ்ணன் குழுவின் கிரிக்கெட் (Cricket) என்ற இண்டோர் பொசிஷனிங் முறை வந்தது மொபிகாம் மாநாட்டில். அவர் நம் ஐஐடி மெட்ராஸில் படித்தவர்.

படி 6: டேட்டா கொடுத்தாரா?

தன் டேட்டாவைப் பொதுவில் வைத்தவருக்குக் கூடுதல் மதிப்பெண் தரலாம். ஸ்பெயினின் ஜாவுமே பல்கலைக்கழகக் குழு 2014-இல் வெளியிட்ட யுஜேஐஇண்டோர்லாக் தொகுப்பில் மூன்று கட்டடங்கள், 520 ஆக்சஸ் பாயிண்ட்கள் (வைஃபை ரவுட்டர்கள்). கட்டணம் இல்லை. இறக்கிக்கொண்டு, நீங்கள் தேர்ந்தெடுத்த கட்டுரையின் முறையை அதில் ஓட்டிப் பாருங்கள். ஒரே எச்சரிக்கை: அதில் 100 என்று இருந்தால் சிக்னலே கிடைக்கவில்லை என்று பொருள். மற்ற சிக்னல் அளவுகள் மைனஸில் இருப்பதால், அதை அப்படியே விட்டால் கிடைக்காத ரவுட்டர்தான் மிக அருகில் இருப்பதாகக் கணக்கு காட்டும். முதல் வேலையாக 100-ஐ எல்லாம் -105 என்று மாற்றிவிட்டு, அப்புறம் கணக்கைத் தொடங்குங்கள்.