பரங்கிக்காய் பால் கூட்டு: பால் திரியாமல் செய்யலாம்

எங்கள் வீட்டில் வத்தக்குழம்பு என்றால் தொட்டுக்கொள்ளப் பெரும்பாலும் பரங்கிக்காய் பால் கூட்டுதான். அந்தப் புளிப்புக்கும் காரத்துக்கும் நடுவே ஒரு வாய் இனிப்பு வேண்டியிருக்கிறது.

கடையில் கேட்கும்போது ஒரு குழப்பம் வரலாம். சென்னைப் பக்கம் வெறுமனே பூசணி என்றால் வெள்ளைப் பூசணியை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். மதுரைக்குத் தெற்கே பூசணிக்காய் என்றாலே மஞ்சள்தான். நமக்கு வேண்டியது அந்த மஞ்சள் காய். இளசாகக் கிடைத்தால் விடாதீர்கள்.

கால் கிலோ காய், பொடித்த வெல்லம் 3 மேசைக்கரண்டி, காய்ச்சி ஆறிய பால் அரை டம்ளர், அரிசி மாவு 1 தேக்கரண்டி. தாளிக்க நெய், கடுகு, உளுத்தம்பருப்பு, ஒரு காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை. இவ்வளவுதான்.

முதலில் காயைக் கீற்றாக நறுக்கிக்கொண்டு தோலைச் சீவுங்கள். முழுக்காயாக வைத்துச் சீவினால் கத்தி வழுக்கும். விதையை நீக்கி, சிறு துண்டுகளாக்கி, அரை டம்ளர் தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து மூடி வேகவிடுங்கள். பத்து நிமிடம் போதும். குக்கர் வேண்டாம்; காய் கரைந்து கஞ்சியாகிவிடும். வெந்ததும் கரண்டியின் பின்பக்கத்தால் மசியுங்கள். அங்கங்கே துண்டு தட்டுப்பட வேண்டும், மாவாக அரைபடக் கூடாது.

அடுத்து வெல்லம். கால் டம்ளர் வெந்நீரில் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள், மண் இருக்கும். பச்சை வாசனை போக நாலு நிமிடம் கொதிக்கட்டும். அப்புறம் அரிசி மாவைக் கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து விட்டு, இன்னும் இரண்டு நிமிடம் கிளறினால் சேர்ந்தாற்போல் வரும்.

இப்போது அடுப்பை அணைத்துவிடுங்கள். புதிதாகச் செய்பவர்கள் தவறுவது இங்கேதான். வெல்லத்தில் லேசான புளிப்புத்தன்மை உண்டு. கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது பாலை ஊற்றினால் திரிந்துபோகும். என்னுடைய முதல் கூட்டு அப்படித்தான் பால்கோவாவும் இல்லாமல் கூட்டும் இல்லாமல் நின்றது. ஐந்து நிமிடம் ஆறவிட்டு, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். மறுபடி அடுப்பில் ஏற்றவே வேண்டாம்.

நெய்யில் கடுகு வெடித்ததும் உளுத்தம்பருப்பைச் சிவக்க வறுத்து, மிளகாயையும் கறிவேப்பிலையையும் போட்டுக் கொட்டுங்கள். இனிப்புக் கூட்டுக்கு மிளகாய் எதற்கு என்று கேட்பார்கள். ஒருமுறை போடாமல் செய்து பாருங்கள், பாயசம் மாதிரி இருக்கும்!

ஆற ஆற இறுகும். பரிமாறும்போது கெட்டியாகத் தெரிந்தால் இன்னும் இரண்டு கரண்டி ஆறிய பால் விட்டுக்கொள்ளலாம். பால் சேர்ந்தது என்பதால் மதியம் செய்ததை இரவுக்கு வெளியே வைக்காதீர்கள்.