‘வருமான வரி கட்டவே வேண்டாம்’ என்பவரை நம்பிச் செய்யும் தவறுகள்

இர்வின் ஷிஃப் 2015 அக்டோபரில் இறந்தபோது அவருக்கு வயது 87. அமெரிக்க மத்திய சிறைத்துறையின் கைதியாகவே அவர் உயிர் பிரிந்தது. அந்த நாட்டில் வருமான வரி கட்டுவது சட்டப்படி கட்டாயமில்லை என்று சுமார் முப்பது ஆண்டுகள் புத்தகம் எழுதியும், கருத்தரங்கு நடத்தியும், படிவம் நிரப்பும் முறையைக் கற்றுக்கொடுத்தும் பணம் சம்பாதித்தவர் அவர். அதற்காக ஏற்கெனவே இரண்டு முறை சிறை சென்றிருந்தார். லாஸ் வேகஸில் மூன்றாவது முறையாகக் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 2006இல் பதின்மூன்று ஆண்டுகளுக்கும் மேலான தண்டனை பெற்றார். அந்தத் தண்டனை முடியும் முன்பே காலமானார்.

இத்தகைய திட்டங்களை வாங்குபவர்கள் செய்யும் முதல் தவறு, விற்பவருக்கு என்ன நேர்ந்தது என்று விசாரிக்காமல் விடுவது. முப்பது ஆண்டுகள் இதையே படித்துக் கரைத்துக் குடித்தவரை இந்த வாதம் காப்பாற்றவில்லை. அதையே ஒரு வார இறுதியில் கேட்டுவிட்டு வருபவரை எப்படிக் காப்பாற்றும்? விற்பவரின் பெயரோடு அவர் மீதான வழக்கு என்ன ஆயிற்று என்று தேடிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தைச் செலவிடாமல் வீட்டையும் சேமிப்பையும் இழந்தவர்களை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

வாதங்கள் பல வேடங்களில் வரும். வருமான வரிக்கு வழிவகுத்த 16ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1913இல் முறையாக ஏற்கப்படவே இல்லை என்பார் ஒருவர். உழைப்புக்குக் கிடைக்கும் கூலி ‘வருமானம்’ ஆகாது என்பார் இன்னொருவர். வரிச் சட்டத்தின் 861ஆம் பிரிவின்படி வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்குத்தான் வரி என்பார் மூன்றாமவர். உங்கள் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினால் அது வேறொரு ‘கற்பனை நபர்’, அவர் பெயரில் அரசுக் கருவூலத்தில் ரகசியக் கணக்கு இருக்கிறது என்பவர்களும் உண்டு. இவை எல்லாமே நீதிமன்றங்களில் திரும்பத் திரும்பத் தோற்றவை. இவற்றுக்கு விரிவாகப் பதில் எழுதினால் இவற்றில் ஏதோ சாரம் இருப்பதாக எண்ணிவிடுவார்கள் என்று ஒரு மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் 1984லேயே சொல்லிவிட்டது.

ஆனாலும் படித்தவர்களே ஏமாறுகிறார்கள். காரணம், அந்தத் தாள்கள் சட்டத்தைப் போலவே இருக்கின்றன. பிரிவு எண், வழக்கின் பெயர், ஆண்டு, மேற்கோள் எல்லாம் இருக்கும். மேற்கோளுக்கு அடுத்து வரும் வாக்கியம் மட்டும் இருக்காது. தீர்ப்பு முழுவதையும் எடுத்துப் படித்தால், வரி கட்ட மறுத்தவர் தோற்ற வழக்காகவே அது பெரும்பாலும் இருக்கும்.

ஷிஃப் கற்றுக்கொடுத்த ‘பூஜ்யக் கணக்கு’ எப்படி இருக்கும் என்று பாருங்கள். ஆண்டு வருமான வரிக் கணக்குக்கான 1040ஆம் படிவத்தில் சம்பளம் என்ற இடத்தில் பூஜ்யம். வட்டி பூஜ்யம். மொத்த வருமானம் பூஜ்யம். ஆனால் பிடித்தம் செய்த வரி என்ற இடத்தில் மட்டும் உண்மையான தொகை. கடைசியில் அந்தத் தொகை முழுவதையும் ரீஃபண்டாகக் கேட்கும் வாசகம். கூடவே நிறுவனம் கொடுத்த டபிள்யூ-2 சான்று. அதில் அந்த ஆண்டுச் சம்பளம் அச்சாகியிருக்கும். ஒரே உறைக்குள் இரண்டு தாள்கள் ஒன்றையொன்று மறுக்கின்றன. படிவத்தின் அடியில், பொய் சொன்னால் தண்டனைக்கு உட்படுவேன் என்று அறிந்தே கையெழுத்திடுவதாக ஒரு வாசகம் இருக்கிறது. அங்கே விழும் கையெழுத்து வாங்கியவருடையது. விற்றவர் அங்கே எங்கும் இல்லை.

அடுத்த தவறு, ரீஃபண்ட் காசோலை வந்துவிட்டால் வாதம் ஜெயித்துவிட்டது என்று நினைப்பது. வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.ஸின் கணினிகள் கோடிக்கணக்கான கணக்குகளைப் பார்க்கின்றன. முதலில் பணத்தை அனுப்பிவிட்டுப் பிறகு சரிபார்ப்பது உண்டு. இதே போன்ற வாதத்தைப் புத்தகமாக எழுதிய, மிச்சிகனைச் சேர்ந்த பீட்டர் ஹென்ட்ரிக்சன், தன் புத்தகத்தைப் பின்பற்றியவர்களுக்கு வந்த காசோலைகளையே வெற்றிக்குச் சான்றாகக் காட்டினார். அவருக்கும் அவர் மனைவிக்கும் வந்த ரீஃபண்டைத் திருப்பித் தருமாறு அரசு வழக்குத் தொடுத்து 2007இல் வென்றது. பொய்யான ஆவணங்களைத் தாக்கல் செய்ததற்காக 2010இல் அவருக்கு 33 மாதச் சிறை. திருத்திய கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும் என்ற நீதிமன்ற ஆணையை மீறியதற்காகப் பின்னர் மனைவிக்கும் 18 மாதச் சிறை கிடைத்தது. ஒரு குடும்பத்தில் கணவன் மனைவி இருவரும் இதற்காகச் சிறை சென்றார்கள் என்பதை, கூட்டுக் கணக்கில் கையெழுத்துப் போடச் சொல்லிக் கணவர் தாளை நீட்டும்போது எந்தப் பெண்ணும் மறந்துவிடக் கூடாது.

நடிகர் வெஸ்லி ஸ்னைப்ஸ் வழக்கு பலருக்கும் தெரிந்தது. எடி ரே கான் என்பவரின் அமைப்பில் சேர்ந்த அவர், 861ஆம் பிரிவு வாதத்தை நம்பி, கட்டிய வரியையே திருப்பிக் கேட்டார். 2008இல் ஃபுளோரிடாவில் சதிக் குற்றச்சாட்டிலிருந்து ஜூரிகள் அவரை விடுவித்தார்கள். ஆனால் மூன்று ஆண்டுகள் கணக்குத் தாக்கல் செய்யாதது குற்றம் என்றார்கள். அந்தச் சிறிய குற்றத்துக்கே மூன்று ஆண்டுச் சிறை. திட்டத்தைப் பரப்பிய கானுக்குப் பத்து ஆண்டுகள். கணக்கு எழுதிக் கொடுத்தவருக்கு நாலரை ஆண்டுகள்.

இதில் மிக அதிகமாகத் தவறாகப் படிக்கப்படும் தீர்ப்பு 1991இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய சீக் வழக்கின் தீர்ப்பு. சீக் ஒரு விமானி. சட்டத்தை ஒருவர் உண்மையாகவே தவறாகப் புரிந்துகொண்டிருந்தால், அந்தப் புரிதல் எவ்வளவு அபத்தமாக இருந்தாலும், அவர் வேண்டுமென்றே குற்றம் செய்தவர் ஆகமாட்டார் என்று நீதிமன்றம் சொன்னது. திட்டம் விற்பவர்கள் இந்தப் பாதியைத்தான் படித்துக் காட்டுவார்கள். வரிச் சட்டம் அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று நம்புவது தற்காப்பு ஆகாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. மறுவிசாரணையில் ஜூரிகள் சீக்கைக் குற்றவாளி என்றே முடிவு செய்தார்கள். அவர் சிறை சென்றார். மெம்ஃபிஸில் 2003இல் இன்னொரு விமானி குற்ற வழக்கில் விடுதலையானார். அதற்காக வரி பாக்கி மறைந்துவிடவில்லை, பின்னர் அதைக் கட்ட அவர் ஒப்புக்கொண்டார். குற்ற வழக்கு வேறு, கடன் வேறு.

பரப்புபவர்கள் மீது சட்டம் மூன்று பக்கமிருந்து பாய்கிறது. வரிச் சட்டத்தின் 6700ஆம் பிரிவின்படி, பொய்யான வரிச் சலுகையைச் சொல்லிச் சம்பாதித்ததில் பாதியை அபராதமாகக் கட்ட வேண்டியிருக்கும். 7408ஆம் பிரிவின்படி தொழிலையே நிறுத்தும் தடையாணை வரும். சதி, பொய்க் கணக்குக்கு உடந்தை என்று குற்ற வழக்கும் வரும். பேச்சுரிமை இங்கே கைகொடுப்பதில்லை. வருமான வரி அநியாயம் என்று எழுதலாம், பேசலாம், ஊர்வலம் போகலாம்; அதற்காக யாரையும் தண்டிக்க முடியாது, தண்டிக்கவும் கூடாது. பொய்யான வழியைப் பணத்துக்கு விற்பதுதான் குற்றம். ஷிஃப் எழுதிய ஒரு புத்தகத்தை அவர் விற்பதற்கு 2003இல் விதித்த தடையை மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது.

இந்தத் தடையாணைகளில் வாங்கியவர்கள் கவனிக்காமல் விடும் ஒரு நிபந்தனை உண்டு. வாடிக்கையாளர்களின் பெயரும் முகவரியும் அடங்கிய பட்டியலை அரசிடம் கொடுக்கும்படி நீதிமன்றங்கள் ஆணையிடுகின்றன. பணம் கொடுத்துத் திட்டத்தை வாங்கிய அன்றே உங்கள் பெயர் அதில் ஏறிவிடுகிறது.

வாங்கியவருக்கு நேர்வது என்ன? சட்ட அடிப்படையே இல்லாத ‘அற்பமான’ கணக்கு ஒவ்வொன்றுக்கும் 5,000 டாலர் அபராதம். அதே வாதத்தை வரி நீதிமன்றத்தில் சொன்னால் 25,000 டாலர் வரை. மோசடி என்று நிரூபணமானால் குறைத்துக் காட்டிய வரியில் 75 சதவீதம். வட்டி தனி. கணக்கே தாக்கல் செய்யாதவருக்கும் மோசடிக் கணக்கு கொடுத்தவருக்கும் கால வரம்பு கிடையாது. இருபது ஆண்டு கழித்தும் கேட்கலாம். பாக்கி பெருகினால் பாஸ்போர்ட்டும் பறிபோகும்.

அமெரிக்காவில் விசாவிலோ கிரீன் கார்டிலோ வாழும் தமிழர்கள் இதை இன்னும் அழுத்தமாக மனத்தில் வைக்க வேண்டும். 2012இல் உச்ச நீதிமன்றம் ஒரு ஜப்பானியத் தம்பதியின் வழக்கில், பொய்யான வரிக் கணக்கால் அரசுக்கு 10,000 டாலருக்கு மேல் இழப்பு ஏற்பட்டால் அது நாடுகடத்தலுக்குரிய கடும் குற்றம் என்று தீர்ப்பளித்தது. அவர்கள் வரி எதிர்ப்பாளர்கள் அல்ல. உணவகம் நடத்தியவர்கள், 1984 முதல் சட்டப்படி குடியிருந்தவர்கள். குடிமகனுக்குச் சிறையோடு முடிவது, குடியுரிமை இல்லாதவருக்கு ஊரை விட்டே போவதில் முடியலாம்.

ஏற்கெனவே இப்படி ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டவர் செய்யும் கடைசித் தவறு, ஐ.ஆர்.எஸ். கடிதம் வந்ததும் அதைத் திட்டம் விற்றவரிடமே கொண்டுபோவது. அவர் இன்னொரு கடிதத்தை விற்பார். உங்கள் வாதம் அற்பமானது, 30 நாளுக்குள் சரியான கணக்கை அனுப்புங்கள் என்று சொல்லும் கடிதம் பலருக்கு முதலில் வருகிறது. அதற்குள் திருத்தி அனுப்பினால் 5,000 டாலர் அபராதத்தைத் தவிர்க்கலாம். குற்ற விசாரணை வரும் என்ற அச்சம் இருந்தால், எதையும் எழுதி அனுப்பும் முன் வரி வழக்கறிஞரைப் பாருங்கள். அவரிடம் சொல்வது ரகசியமாக இருக்கும். கட்ட முடியாத தொகைக்குத் தவணை வசதி உண்டு. திட்டம் இன்னும் விற்கப்படுகிறது என்றால், 14242ஆம் படிவத்தில் அதை ஐ.ஆர்.எஸ்.ஸுக்குத் தெரிவிக்கலாம்.