ஸ்காபரோவில வீடு தேடுறீங்களோ? "அந்த ஏரியா சேஃபோ" எண்டு கேக்கிறதுக்கு முதல் இதை வாசியுங்கோ

ரொறொன்ரோவுக்குப் புதுசா வாற எங்கட ஆக்கள் வீடு பாக்கேக்க வாடகைக்கு அடுத்ததா கேக்கிறது "அந்தப் பக்கம் பயமில்லையோ" எண்டுதான். ரொறொன்ரோவின்ர கிழக்குப் பக்கமிருக்கிற ஸ்காபரோ எண்டாலே சொந்தக்காரர் ஆராவது முகத்தைச் சுழிப்பினம், அதிலயும் அதுக்குள்ள இருக்கிற மல்வேர்ன் எண்டால் கேக்கத் தேவையில்லை. இப்பிடிச் சொல்லுற கனபேர் வடக்கால இருக்கிற மார்க்கம் பக்கம் வீடு வாங்கிப் போய் எத்தனையோ வருசம், அவையின்ர தலைக்குள்ள இருக்கிறது 2004-ஆம் ஆண்டு மல்வேர்ன். அப்ப கோஷ்டிச் சண்டை, துவக்குச்சூடு எல்லாம் இருந்தது உண்மை, அந்த வருசம் பொலிஸ் பெரிய ரெய்ட் ஒண்டு நடத்திக் கனபேரைப் பிடிச்சதும் உண்மை. ஆனா அதுக்கு முதல் 90-களில ஸ்காபரோவுக்குக் கெட்டபேர் எடுத்துக் குடுத்ததில எங்கட பெடியளின்ர கோஷ்டியளுக்கும் பங்கிருக்கு, 2001-ல ஒரே வீச்சில ஐம்பது பேரளவில பிடிச்சவங்கள், கலியாண வீட்டில ஏரியாவைப் பற்றிக் கதைக்கேக்க அதை மட்டும் ஒருத்தரும் எடுக்க மாட்டினம்.

ஆரிட்டயும் கேக்காமல் நீங்களே பாக்கலாம். ரொறொன்ரோ பொலிஸ் தங்கட சைட்டில நகரத்தை 158 ஏரியாவாப் பிரிச்சு, அடிதடி, வீடு உடைக்கிறது, கார்க்களவு, வழிப்பறி, 5000 டொலருக்கு மேற்பட்ட களவு எண்டு தனித்தனியா மேப்பில போட்டிருக்கு, காசும் இல்லை, லொகினும் தேவையில்லை. அதைப் பாத்திட்டு சிவப்பா இருக்கிற இடமெல்லாம் கூடாத இடம் எண்டு முடிவுகட்டிப்போடாதேங்கோ. பெரிய மோலோ, பஸ் ரேர்மினலோ, ஆஸ்பத்திரியோ இருக்கிற ஏரியாவுக்கு நாளாந்தம் ஆயிரக்கணக்கில சனம் வந்து போகும், அங்க நடக்கிற வழிப்பறியும் அடிபாடும் அந்த ஏரியாவின்ர கணக்கிலதான் ஏறும், ஆனா ஒரு லட்சம் பேருக்கு எத்தனை எண்டு பிரிக்கேக்க அங்க குடியிருக்கிற சனத்தை மட்டும்தான் எண்ணுவினம். டவுன்ரவுன் பயங்கரமாத் தெரியிறதுக்கு அதுவும் ஒரு காரணம். அதால மொத்த நம்பரை விடுங்கோ, எந்தக் குற்றம் எண்டு பாருங்கோ, உங்கட தெருவைச் சுத்தி வீடுடைப்பு இருக்கோ, இல்லாட்டி பிளாசாக் கடையளிலதான் எல்லாம் நடக்குதோ எண்டு. ஒரு வருசத்தை மட்டும் பாக்காமல் மூண்டு நாலு வருசத்தை வைச்சுப் பாத்தால்தான் ஏறுதோ இறங்குதோ எண்டு விளங்கும்.

துவக்குச்சூடு நியூசில பெரிசா வரும், கூடுதலா கோஷ்டியளுக்குள்ள இருக்கிற பிரச்சினைதான், எண்டாலும் 2012-ல ஸ்காபரோவில டான்சிக் ஸ்ட்ரீட்டில தெருவில நடந்த பார்ட்டியில சுட்டு ரெண்டு பேர் செத்து இருபதுக்கு மேல காயப்பட்டது, அதில சம்பந்தமே இல்லாத ஆக்களும் இருந்தவை. அதுக்காக ஸ்காபரோ முழுக்க அப்பிடி எண்டில்லை, ஒரே ஏரியாவுக்குள்ளயே ஒரு பில்டிங் ஒரு மாதிரி, றோட்டுக்கு மற்றப்பக்கம் வேற மாதிரி. வாடகைக்குக் கையெழுத்து வைக்கிறதுக்கு முதல் இரவு ஒன்பது பத்து மணிக்கு ஒருக்கா அந்தப் பக்கம் போங்கோ, பஸ் ஸ்ரொப்பில இறங்கி வீடுமட்டும் நடவுங்கோ. லைட் இருக்கோ, நாய் கூட்டிக்கொண்டு நடக்கிற சனம் இருக்கோ, பில்டிங் எண்டால் முன்கதவு உண்மையில பூட்டுதோ, லிப்ட் வேலை செய்யுதோ. டிசம்பரில அஞ்சு மணிக்கு முதலே இருட்டிப்போடும், அந்த நடை உங்களுக்கு ஒவ்வொரு நாளும்.

பேஸ்மென்ட் எடுக்கிற ஆக்களுக்குக் கள்ளனை விட நெருப்புத்தான் பெரிய ஆபத்து, இதை நான் அடிச்சுச் சொல்லுவன். புகை அலாரமும் காபன் மொனொக்சைட் அலாரமும் இருக்கோ, அவசரத்துக்கு ஆள் வெளியால வரக்கூடிய யன்னலோ ரெண்டாவது வழியோ இருக்கோ எண்டு பாருங்கோ, இல்லையெண்டால் வாடகை எவ்வளவு குறைவெண்டாலும் விட்டிடுங்கோ. வீட்டைப் பாக்காமல் இ-ட்ரான்ஸ்பரில அட்வான்ஸ் அனுப்பச் சொன்னால் அது களவு. ஒன்ராறியோவில கடைசி மாச வாடகையை முற்பணமா வாங்கலாம், "ஏதும் உடைஞ்சால்" எண்டு டமேஜ் டிப்பொசிட் கேக்கச் சட்டத்தில இடமில்லை, எங்கட ஆள்தானே எண்டு நம்பிக் குடுக்கிறதும் வேண்டாம்.

இரவு வேலை முடிஞ்சு வாறாக்களுக்கு, ரிரிசி (ரொறொன்ரோ நகரத்தின்ர பஸ், சப்வே சேவை) பஸ்ஸில இரவு 9 மணியிலயிருந்து விடிய 5 மணிமட்டும் ரெண்டு ஸ்ரொப்புக்கு இடையில உங்கட தெருவடியில இறக்கிவிடச் சொல்லிக் கேக்கலாம், ஒரு ஸ்ரொப் முந்தியே டிரைவரிட்டச் சொல்லிப்போட்டு முன்கதவால இறங்கவேணும். சப்வேயில பிளாட்போமில கமராவும் இன்ரர்கொமும் உள்ள வெளிச்சமான காத்திருக்கிற இடம் ஒண்டு இருக்கு, அதில நில்லுங்கோ.

கார் வாங்கினால் அதுதான் தலையிடி. 2023-ல ரொறொன்ரோவில 12 ஆயிரம் அளவில கார் களவு போனது, அதுக்குப் பிறகு குறைஞ்சுகொண்டு வருது, எண்டாலும் ஹைலாண்டர், லெக்சஸ், சிஆர்வி வைச்சிருக்கிறாக்கள் இப்பவும் ஸ்ரியரிங்குக்குப் பூட்டுப் போடினம். திறப்பை வாசலடியில கொழுவாதேங்கோ, வெளியில நிண்டே அதின்ர சிக்னலைப் பிடிச்சுக் காரை எடுத்துப்போடுவாங்கள்.

உண்மையில புதுசா வந்த ஆக்களை, அதோட ஊரிலயிருந்து வந்த அம்மா அப்பாவை, குறிவைக்கிறது வேற ஆக்கள். அம்மா கழுத்தில தாலிக்கொடியோட நடந்து போவா, கார் ஒண்டு நிக்கும், உள்ளுக்க இருக்கிற பொம்பிளை வழி கேட்டு, பிறகு நன்றி எண்டு கட்டிப்பிடிச்சுக் கழுத்தில மாலை போடுவா, வீட்ட வந்து பாத்தால் இருக்கிறது கவரிங், கொடி போட்டுது. பார்க்கிங்கில ஒரு பெடியன் வந்து "ரக்சிக்காரன் காசு எடுக்கிறானில்லை, உங்கட காட்டில அடியுங்கோ, நான் காசு தாறன்" எண்டால் திரும்பிப் பாக்காமல் போங்கோ, உங்கட பின் (PIN) நம்பரைப் பாத்து வைச்சுக்கொண்டு காட்டை மாத்தித் தருவாங்கள். வரித் திணைக்களம் கதைக்குது, இப்ப அரெஸ்ட் பண்ணப்போறம் எண்டு போன் வந்தால் கட் பண்ணுங்கோ, வரிக்காசை ஒருத்தரும் கிப்ட் காட்டில கேக்கமாட்டினம். நகையை வீட்டு அலுமாரியில வைக்காமல் பாங்க் லொக்கரில வையுங்கோ.

உயிருக்கு ஆபத்தெண்டால், இல்லாட்டி குற்றம் இப்ப நடந்துகொண்டிருக்கெண்டால் 911. இங்கிலிஸ் வராட்டி "தமிழ்" எண்டு மட்டும் சொல்லுங்கோ, மொழிபெயர்க்கிற ஆளை லைனில எடுப்பினம். தவறுதலா 911 அடிபட்டால் கட் பண்ணாமல், பிழையா அடிச்சிட்டன் எண்டு சொல்லுங்கோ, கட் பண்ணினால்தான் அவைக்குச் சந்தேகம் வரும். அவசரமில்லாததுக்கு 416-808-2222. சின்னக் களவு, வாசலில வைச்ச பார்சல் காணாமல் போனது மாதிரியானதுகளை ஒன்லைனிலயே முறைப்பாடு குடுக்கலாம், அந்த ரிப்போட் நம்பர் இன்சூரன்ஸ் கிளெயிம் பண்ணேக்க தேவைப்படும். வாடகைக்கு இருக்கிறாக்களும் இன்சூரன்ஸ் எடுக்கலாம், வீட்டுக்காரரின்ர இன்சூரன்ஸ் உங்கட லப்டொப்புக்கும் உடுப்புக்கும் காசு தராது.