பாரூர் ஏரியில் கண்ணுக்குத் தப்பிய பறவையினங்களைக் கணக்கிடும் முறை

போச்சம்பள்ளியை அடுத்த பாரூர் ஏரிக்கரையில் பத்து நாள் காலை நடந்து 64 பறவையினங்களைக் குறித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது நீங்கள் கண்டவற்றின் கணக்கே தவிர, அங்கே இருப்பவற்றின் கணக்கு அன்று. விடுபட்டவற்றை மதிப்பிடத் தைவான் நாட்டுப் புள்ளியியலாளர் ஆன் சாவ் 1987இல் முன்வைத்த சூத்திரம் மிக எளியது. நோட்டும் பேனாவும் இருந்தால் போதும்.

நாள்தோறும் ஒரே பாதையில், ஒரே அளவு நேரம் நடக்க வேண்டும். வலசைப் பறவைகள் வந்துபோகும் ஏரி என்பதால், பத்து நாட்களும் ஒரே பருவத்துக்குள், டிசம்பர் ஜனவரி என்பதுபோல, அமைவது கட்டாயம். ஓர் இனம் அன்று தென்பட்டதா இல்லையா என்பதை மட்டும் குறியுங்கள். கூட்டமாக மிதக்கும் நாமக்கோழிகளை எண்ணித் திணற வேண்டியதில்லை.

பிறகு, பத்து நாட்களில் ஒரே ஒரு நாள் மட்டும் தென்பட்ட இனங்களையும், சரியாக இரண்டு நாட்கள் தென்பட்டவற்றையும் தனித்தனியே எண்ணுங்கள். ஒருமுறை மட்டும் சிக்கியவை மிகுதியாக இருந்தால், ஒருமுறைகூடச் சிக்காதவையும் மிகுதி என்பதே இதன் அடிப்படை. முதல் வகை 12, இரண்டாம் வகை 8 எனில், 12இன் வர்க்கமான 144ஐ 8இன் இருமடங்கான 16ஆல் வகுத்தால் 9. பத்து நாள் ஆய்வுக்கு அதைப் பத்தில் ஒன்பது பங்காகக் குறைத்தால் 8.1. கண்ட 64ஓடு இதைக் கூட்டினால் மதிப்பீடு ஏறத்தாழ 72. இது கீழ் எல்லை என்பதால், “குறைந்தது 72” என்றே எழுத வேண்டும். இரண்டாம் வகை சுழியமானால் வகுக்க இயலாது. அப்போது 12ஐ அதைவிட ஒன்று குறைந்த 11ஆல் பெருக்கி, இரண்டாம் வகையோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்ணின் இருமடங்கால் வகுத்து, அதையும் பத்தில் ஒன்பதாக்குங்கள்.

முழுக் கணக்கும் ஒருமுறை மட்டும் கண்டவற்றின்மேல் நிற்பதால், அங்கேதான் என் கவலை முழுவதும் இருக்கிறது. சேற்றோரம் வாலாட்டி நிற்கும் பொரி உள்ளானை அதையொத்த இன்னோர் உள்ளானாக எழுதிவிடுவது எளிது. பறக்கும்போது இறக்கையின் அடிப்பக்கம் வெளிறியதா கருமையா என்று பார்த்தால்தான் தெளியும். அந்தப் பன்னிரண்டில் இரண்டு இப்படித் தவறாக நுழைந்தவை என்று நீக்கினால், கண்டவை 62ஆகவும் மதிப்பீடு ஏறத்தாழ 68ஆகவும் இறங்கிவிடும். ஆகவே கணக்குப் போடுவதற்கு முன், அந்தப் பன்னிரண்டின் படங்களையும் குறிப்புகளையும் பறவை அறிந்த இன்னொருவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள்.