இலை மட்டும் விடும் ஆர்க்கிட்டைப் பூக்க வைக்க

கடையில் பூவோடு வாங்கிய ஃபெலனாப்சிஸ் வகை ஆர்க்கிட், பூ உதிர்ந்தபின் வெறும் இலையாகவே நிற்கிறதா? முதலில் இலை நிறத்தைப் பாருங்கள். கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை. கிழக்கு ஜன்னலோரம் மாற்றுங்கள். காலை இளவெயில் படலாம், உச்சிவெயில் பட்டால் இலை வெந்துவிடும்.

அடுத்தது குளிர்ச்சி. இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பகலில் 25, இரவில் 16 முதல் 20 டிகிரி வரை என 4 முதல் 6 வாரம் கிடைத்தால் பூந்தண்டு கிளம்பும். 28 டிகிரிக்கு மேலேயே நீடித்தால் இலைதான் வரும். ஊட்டி, பெங்களூருவில் சுலபம். சென்னையில் மார்கழி, தை மாதங்களை விட்டால் வாய்ப்பு குறைவு. அங்கே டென்ட்ரோபியம் என்ற வேறு வகை ஆர்க்கிட்டை வளர்ப்பதே புத்திசாலித்தனம்.

வேர் வெள்ளிநிறமானால் தண்ணீர் ஊற்றுங்கள். பச்சையாக இருந்தால் பொறுங்கள். 20-20-20 உரம் (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நனைந்த வேருக்கு மட்டும்.

இலையடியில் புதிதாக ஏதோ முளைத்தால் உற்றுப் பாருங்கள்: நுனி உருண்டு மழமழப்பாக இருந்தால் வேர், கட்டைவிரல் பிரிந்த கையுறை போலிருந்தால் பூந்தண்டு. அதற்குப்பின் தொட்டியைத் திருப்பாதீர்கள், தண்டு வளைந்துபோகும். பழுத்த வாழைப்பழத்தைப் பக்கத்தில் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் எத்திலீன் வாயுவால் மொட்டெல்லாம் கொட்டிவிடும். தண்டு தெரிந்ததிலிருந்து பூ விரிய இரண்டு, மூன்று மாதம் பிடிக்கும்.